நுண்ணோக்கியில் தசைத் திசுவின் வகையை அறிவது எப்படி?

மனித உடலின் தசைத் திசு எலும்புத் தசை, இதயத் தசை, மென்தசை என மூன்று வகைப்படும். பாடநூல்கள் பெரும்பாலும் இவற்றை நம் விருப்பத்துக்கு இயங்குபவை, விருப்பத்துக்குக் கட்டுப்படாதவை என்ற பிரிவிலிருந்துதான் விளக்கத் தொடங்குகின்றன. உடலியங்கியலைப் புரிந்துகொள்ள அந்தப் பிரிவு உதவும்; ஆனால் சாயமேற்றிய ஒரு திசு வெட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, இது எந்தத் தசை என்று சொல்ல வேண்டிய மாணவருக்கு அதனால் பயன் இல்லை, ஏனெனில் சிலைடில் விருப்பம் தெரிவதில்லை. தவிர, அந்தப் பிரிவு முழுமையானதும் அன்று. மூச்சை இயக்கும் உதரவிதானம் எலும்புத் தசையால் ஆனது. இருந்தும் நாம் உறங்கும்போதும் அது இடைவிடாமல் இயங்குகிறது. உணவுக்குழலின் மேல் மூன்றில் ஒரு பங்கில் இருப்பதும் எலும்புத் தசையே. விழுங்கத் தொடங்கிய கவளத்தை அங்கே நிறுத்திவைக்க யாராலும் இயலாது.

ஆகவே இந்த வழிகாட்டி கண்ணுக்குத் தெரிகின்றவற்றை மட்டுமே அடிப்படையாகக் கொள்கிறது. முதலில் வெட்டின் திசை, அடுத்து உட்கருவின் இடம், பிறகு இழையின், அதாவது நீண்ட தசைச் செல்லின், பருமனும் அமைப்பும், கடைசியாகக் குறுக்கு வரிகள் (இழையின் குறுக்கே மாறி மாறி ஓடும் அடர்ந்த, வெளிறிய பட்டைகள்) என்ற வரிசையில் பார்ப்பது நல்லது. தொடக்கநிலை மாணவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்; வரிகளைத் தேடிக் கண்ணை வருத்திக்கொண்டு, அவை தெரியாவிட்டால் உடனே மென்தசை என்று எழுதிவிடுகிறார்கள். வரிகள் ஒளியமைப்பையும் சாயத்தையும் வெட்டின் கோணத்தையும் பொறுத்துத் தோன்றவும் மறையவும் கூடியவை. உட்கரு இருக்கும் இடமோ நலமான திசுவில் அவ்வளவு எளிதில் ஏமாற்றுவதில்லை.

பார்க்கத் தொடங்கும் முன்

கற்பிக்கும் ஆய்வகங்களில் உள்ள சிலைடுகளில் பெரும்பாலானவை ஹீமடாக்ஸிலின், ஈயோசின் என்ற இரு சாயங்களால் நிறமூட்டப்பட்டவை. ஹீமடாக்ஸிலின் உட்கருவை நீல ஊதாவாகவும், ஈயோசின் சைட்டோபிளாசத்தை இளஞ்சிவப்பாகவும் காட்டும். தசைச் செல்களில் புரதம் நிறைந்திருப்பதால் அவை ஈயோசினை நன்றாக ஏற்று அழுத்தமான இளஞ்சிவப்பில் தெரியும். இணைப்புத் திசுவில் உள்ள கொலாஜன் எனும் புரத இழைகளும் இதே சாயத்தையே ஏற்கின்றன என்பதுதான் சிக்கல். அதைப் பின்னால் விரிவாகப் பார்க்கலாம்.

4 மடங்கு பொருளருகு லென்ஸில் தொடங்கி முழு வெட்டையும் ஒருமுறை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். தசையின் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை இந்த நிலையிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்: உட்குழியும் சுரப்பிகளும் தெரிந்தால் அது ஓர் உள்ளுறுப்பின் சுவராக இருக்கலாம், கட்டுக்கட்டாகப் பிரிந்த தசையும் இடையிடையே கொழுப்பும் நரம்பும் தெரிந்தால் எலும்புத் தசையை எதிர்பார்க்கலாம். எதிர்பார்ப்பு மட்டுமே முடிவாகிவிடக் கூடாது. பிறகு 10 மடங்கிற்கும், முடிவெடுக்க 40 மடங்கிற்கும் செல்ல வேண்டும். 100 மடங்கு எண்ணெய் லென்ஸ் குறுக்கு வரிகளின் நுணுக்கத்தைப் பார்க்க மட்டுமே தேவைப்படும். வகையை அறிய அதை நாட வேண்டிய நிலை அரிது.

குறுக்கு வரிகள் மங்கலாகத் தோன்றினால் விளக்கின் ஒளியைக் கூட்டாதீர்கள். ஒளிக்குவிப்பியின் கீழுள்ள ஒளித்தடுப்பைச் சற்று மூடினால் படத்தின் இருள் வெளிச்ச வேறுபாடு கூடி, அதுவரை மறைந்திருந்த வரிகள் தெளிவடையும். நுண்குவிப்புத் திருகை முன்னும் பின்னும் சிறிதளவு அசைத்துக்கொண்டே பார்ப்பதும் உதவும்.

அளவுகோல் இல்லாத நுண்ணோக்கியிலும் அளவை மதிப்பிட ஒரு வழி உண்டு. ஏறத்தாழ எல்லாத் தசை வெட்டுகளிலும் இரத்த நுண்குழாய்கள் இருக்கும். அவற்றுள் சிக்கியுள்ள சிவப்பணுவின் குறுக்களவு ஏறத்தாழ 7 மைக்ரோமீட்டர். தசை இழையின் பருமனை அந்தச் சிவப்பணுவோடு ஒப்பிட்டாலே போதும். மென்தசைச் செல் மிகப் பருத்த நடுப்பகுதியிலும் பெரும்பாலும் 3 முதல் 10 மைக்ரோமீட்டர்தான் இருக்கும், அதாவது சிவப்பணுவை ஒத்தோ அதைவிடக் குறுகியோ தெரியும். இதயத் தசைச் செல் 15 மைக்ரோமீட்டரை ஒட்டி, இரு சிவப்பணுக்களின் அகலத்தில் இருக்கும். எலும்புத் தசை இழை 10 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை இருக்கலாம். வளர்ந்தவரின் கை, கால் தசைகளில் அது சிவப்பணுவைப் போலப் பல மடங்கு பருத்திருக்கும்.

வெட்டின் திசை

இழைகள் இணையான நீண்ட பட்டைகளாகத் தெரிந்தால் அது நீள்வெட்டு. வட்டங்களாகவோ பல கோணங்களாகவோ தெரிந்தால் குறுக்குவெட்டு. நீள்வட்டங்களாகத் தெரிந்தால் சாய்வெட்டு. இதை முதலில் தீர்மானிக்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது, ஏனெனில் குறுக்கு வரிகள் இழையின் நீளத்துக்குச் செங்குத்தாக அமைந்தவை என்பதால் சரியான குறுக்குவெட்டில் அவற்றைக் காணவே முடியாது. அங்கே தெரிவது, இழையினுள் நெருக்கமாக அடுக்கப்பட்ட தசை நுண்ணிழைகளின் முனைகளாகிய நுண்புள்ளிகள் மட்டுமே. ஒரே சிலைடில் இரண்டு திசைகளும் இருப்பதும் உண்டு. அப்படிப்பட்ட சிலைடு கிடைத்தால், ஒரே திசு இரு திசைகளிலும் எப்படித் தோன்றுகிறது என்று ஒப்பிட்டுப் பழகிக்கொள்வது நல்லது.

எலும்புத் தசை

நீள்வெட்டில் எலும்புத் தசை இழைகள் கிளைவிடாமல், ஒன்றோடொன்று இணையாக, பார்வைப் புலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடும். ஒவ்வொன்றும் பல உட்கருக்களைக் கொண்ட ஒரே செல். வளர்கருவில் ஒற்றை உட்கரு கொண்ட பல முன்னோடித் தசைச் செல்கள் ஒன்றோடொன்று இணைந்தே ஓர் இழை உருவாகிறது. அதனால்தான் இத்தனை உட்கருக்கள். முதிர்ந்த இழையில் சுருங்கும் புரதங்கள் நடுப்பகுதியை முழுவதுமாக நிரப்பிவிடுவதால் உட்கருக்கள் செல் சவ்வின் அடியில், விளிம்பில் தட்டையாக ஒதுங்கி நிற்கின்றன. விளிம்பில் ஒதுங்கிய இந்த உட்கருக்களே எலும்புத் தசையின் முதன்மை அடையாளம்.

நீள்வெட்டில் இதைக் காணும்போது ஓர் ஐயம் எழும். வெட்டு இழையின் மேற்பரப்பை ஒட்டிச் சென்றிருந்தால், விளிம்பில் உள்ள உட்கருவே இழையின் நடுவில் கிடப்பதுபோல் தோன்றும். ஆகவே ஓர் உட்கருவை வைத்து முடிவு செய்யாமல் பத்து இருபது உட்கருக்களைப் பார்க்க வேண்டும். இயன்றால் குறுக்குவெட்டுள்ள இடத்துக்கு நகர்ந்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். குறுக்குவெட்டில் இழைகள் பல கோண வடிவில், ஏறக்குறைய ஒத்த அளவில், கட்டுகளாகத் தொகுக்கப்பட்டிருக்கும். கட்டுகளைச் சுற்றித் தடித்த இணைப்புத் திசுவும், ஒவ்வோர் இழையையும் சுற்றி மெல்லிய இணைப்புத் திசுவும் இருக்கும். உட்கருக்கள் ஓரத்தில் மட்டுமே தெரியும்.

ஓரத்தில் தெரியும் உட்கருக்கள் அனைத்தும் தசை இழைக்கே உரியவை என்றும் கொள்ள வேண்டாம். சில நுண்குழாய்ச் சுவரினுடையவை. சில இணைப்புத் திசுச் செல்களுடையவை. இன்னும் சில, சேதமுற்ற இழையைப் புதுப்பிக்க உதவும் துணைச் செல்களுடையவை. இந்தத் துணைச் செல்களை 1961இல் அலெக்சாண்டர் மௌரோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு விவரித்தார். வழக்கமான சாயமேற்றிய சிலைடில் அவற்றைத் தசை இழையின் உட்கருவிலிருந்து பிரித்தறிய இயலாது. முயன்று நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

இனி வரிகள். நீள்வெட்டில் அடர்ந்த பட்டையும் வெளிறிய பட்டையும் மாறி மாறி, இழையின் அகலம் முழுவதும் நேராகக் குறுக்கே ஓடும். அடர்ந்த பட்டை, மயோசின் எனும் சுருங்கும் புரதத்தின் நுண்ணிய இழைகள் உள்ள பகுதி. வெளிறிய பட்டையில் ஆக்டின் எனும் மற்றொரு புரதத்தின் இழைகள் மட்டுமே உள்ளன. வெளிறிய பட்டையின் நடுவே ஓடும் மெல்லிய இசட் கோடு ஒன்றிலிருந்து அடுத்த இசட் கோடு வரை உள்ள பகுதி சார்கோமியர் எனப்படும். ஓய்வு நிலையில் அதன் நீளம் 2 மைக்ரோமீட்டரைச் சற்று ஒட்டியது. ஒளி நுண்ணோக்கி பிரித்துக்காட்டக்கூடிய எல்லை ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டர் என்பதால் வரிகள் நமக்குத் தெரிகின்றன, அவற்றை ஆக்கிய தனித்தனி ஆக்டின், மயோசின் இழைகள் தெரிவதில்லை.

சில சிலைடுகளில் வரிகள் மிக நெருக்கமாகி, கிட்டத்தட்டக் கரைந்தே போயிருப்பதற்கும் காரணம் இந்த அமைப்பிலேயே உண்டு. 1954இல் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் ஒரு கட்டுரையிலும், ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்க்கும் அதே இதழின் மற்றொரு கட்டுரையிலும், தசை சுருங்கும்போது அடர்ந்த பட்டையின் அகலம் மாறுவதில்லை, வெளிறிய பட்டையே குறுகுகிறது என்று காட்டினார்கள். ஆக்டின் இழைகள் மயோசின் இழைகளுக்கிடையே சறுக்கிச் செல்கின்றன என்ற விளக்கம் அதிலிருந்து நிலைபெற்றது. சுருங்கிய நிலையிலேயே பதப்படுத்தப்பட்ட திசுவில் வெளிறிய பட்டை ஏறக்குறைய மறைந்துவிடுவதால் வரிகளைப் பிரித்துப் பார்ப்பது கடினம். அத்தகைய இடத்தில் காத்திருக்காமல் சிலைடின் வேறு பகுதிக்கு நகர்வதே சரி.

இதயத் தசை

இங்கும் குறுக்கு வரிகள் உண்டு. ஆனால் எலும்புத் தசையில் உள்ளதைவிட மங்கலாக இருக்கும். செல்லின் சைட்டோபிளாசத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மைட்டோகாண்ட்ரியா நிறைந்து, சுருங்கும் இழைகளுக்கிடையே பரவியிருப்பது இதற்கு ஒரு காரணம். ஆகவே உட்கருவையே நம்ப வேண்டும்: ஒவ்வொரு செல்லிலும் ஒன்று, சில வேளை இரண்டு உட்கருக்கள், செல்லின் நடுவில். உட்கருவின் இரு முனைகளிலும் சுருங்கும் இழைகள் விலகிச் செல்வதால் அங்கே ஒரு வெளிறிய பகுதி எஞ்சும். வயது முதிர்ந்தவரின் இதயமானால் அதே இடத்தில் லிப்போஃபுசின் எனும் பொன்பழுப்பு நிறமித் துகள்களும் திரண்டிருக்கும். இந்த வெளிறிய பகுதி எளிதில் கண்ணில் படும் நல்ல அடையாளம்; பாடநூல்கள் இதை ஏனோ பெரிதாகச் சொல்வதில்லை.

பாடநூல்கள் பெரிதாகச் சொல்வது இடைத்தட்டுகளை. அடுத்தடுத்த இரண்டு செல்கள் முனையோடு முனை சேரும் இடங்கள் அவை. செல்களைப் பிணைக்கும் இணைப்புகளும், மின்தூண்டல் ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குக் கடந்து செல்ல உதவும் இடைவெளிச் சந்திப்புகளும் அங்கே உள்ளன. இதய அறையின் செல்கள் அனைத்தும் ஒருங்கே சுருங்குவது இந்தச் சந்திப்புகளால்தான். ஆனால் வழக்கமான சாயத்தில் இடைத்தட்டுகள் பல சிலைடுகளில் தெளிவாகத் தெரிவதே இல்லை. தெரியும்போது அவை குறுக்கு வரியைவிடத் தடித்து, அழுத்தமான நிறத்தில், படிப்படியாக இறங்கும் கோடுகளாக இழையைக் கடக்கும். அவற்றைக் கண்டால் முடிவு உறுதி. காணாததால் மட்டும் இதயத் தசை இல்லை என்று ஆகிவிடாது.

நீள்வெட்டில் கிளைகளையும் தேடுங்கள். இழைகள் பிரிந்து பக்கத்து இழையோடு சேர்வதால் இடையே குறுகிய பிளவுகள் தோன்றும். எலும்புத் தசையின் ஒழுங்கான இணைப்பட்டைகள் இங்கு இருக்காது. குறுக்குவெட்டில் வடிவங்கள் ஒழுங்கற்று, வட்டத்தை ஒட்டியும் கோணலாகவும் இருக்கும். சிலவற்றில் நடுவே உட்கரு இருக்கும், பலவற்றில் இருக்காது. செல்லின் நீளம் 100 மைக்ரோமீட்டரை ஒட்டியது, உட்கருவோ அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் பிடிக்கிறது. வெட்டு உட்கருவின் வழியே செல்லாத செல்களே மிகுதி. உட்கரு இல்லாத வட்டங்களைக் கண்டு குழம்ப வேண்டாம்.

இதயத்தின் உட்சவ்வுக்கு அடியில், பக்கத்திலுள்ள தசைச் செல்களைவிடப் பெரியனவாகவும் வெளிறியும் தோன்றும் செல்கள் தெரிந்தால் அவை பர்கின்ஜி இழைகள். மின்தூண்டலைக் கீழறைகளுக்கு விரைந்து கடத்துவது அவற்றின் வேலை. அவற்றில் கிளைக்கோஜன் மிகுந்தும் சுருங்கும் இழைகள் குறைந்தும் இருப்பதால் இந்த வெளிறிய தோற்றம். இவையும் இதயத் தசையின் மாற்றுருவமே. வேறு திசு அல்ல.

மென்தசை

மூன்றில் மிகுந்த பிழைக்கு இடம் தருவது மென்தசைதான். இதன் செல்கள் நடுவில் பருத்து இரு முனைகளிலும் ஒடுங்கிய கதிர் வடிவம் கொண்டவை. நீளம் இடத்துக்கு இடம் வேறுபடும்: சிறு இரத்தக் குழாய்களில் 20 மைக்ரோமீட்டர் அளவே இருக்கலாம், கருவுற்ற கருப்பையில் 500 மைக்ரோமீட்டர் வரை நீளலாம். ஆக்டினும் மயோசினும் இங்கும் உண்டு. ஆனால் அவை சார்கோமியர்களாக வரிசைப்படாமல், செல்லுக்குள் அங்கங்கே உள்ள அடர்த்திப் புள்ளிகளில் பற்றிக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக அமைவதால் வரிகள் தோன்றுவதில்லை.

நீள்வெட்டில் செல் எல்லைகள் தெளிவாகத் தெரியாது. ஒரு செல்லின் பருத்த நடுப்பகுதியை அடுத்த செல்லின் ஒடுங்கிய முனை ஒட்டியிருக்கும்படி செல்கள் நெருக்கமாக அமைவதால், ஒரே சீரான இளஞ்சிவப்புப் பரப்பில் நீண்ட உட்கருக்கள் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருப்பதுபோல் தோன்றும். ஒவ்வோர் உட்கருவும் செல்லின் நடுவில், முனைகள் மழுங்கி, நீண்டு இருக்கும். சுருங்கிய செல்லில் அந்த உட்கரு தக்கை எடுக்கும் திருகுபோல முறுக்கிக்கொள்ளும். இந்த முறுக்கைக் கண்டுவிட்டால் மென்தசை என்று துணிந்து சொல்லலாம்.

குறுக்குவெட்டில் பல அளவிலான வட்டங்கள் கலந்து தெரியும். செல்லின் நடுவே சென்ற வெட்டு பெரிய வட்டத்தையும், முனையருகே சென்ற வெட்டு சிறு புள்ளியையும் தரும்; உட்கரு பெரிய வட்டங்களுக்குள் மட்டுமே இருக்கும். சிறு வட்டங்கள் தனி வகைச் செல்கள் அல்ல.

குடல் சுவர் இதைப் பயில மிகச் சிறந்த இடம். அங்கே உள் அடுக்கின் செல்கள் குழலைச் சுற்றி வளையமாகவும், வெளி அடுக்கின் செல்கள் குழலின் நீளவாட்டிலும் ஓடுகின்றன. குடலைக் குறுக்கே வெட்டிய சிலைடில் உள் அடுக்கு நீள்வெட்டாகவும் வெளி அடுக்கு குறுக்குவெட்டாகவும் ஒரே பார்வைப் புலத்தில் அருகருகே தெரியும். இரண்டு அடுக்குகளுக்கும் இடையில் பெரிய, வெளிறிய உட்கருவும் தெளிவான உட்கருமணியும் கொண்ட சில செல்கள் கூட்டமாக இருந்தால் அவை நரம்புச் செல்கள். குடலின் அசைவை ஒழுங்குபடுத்தும் நரம்புப் பின்னலுக்கு உரியவை.

ஒத்த தோற்றங்கள்

மென்தசையோடு குழம்பக்கூடியவை இரண்டு. முதலாவது தசைநாண் போன்ற அடர்ந்த இணைப்புத் திசு. அங்கும் இளஞ்சிவப்பு இழைகளும் நீண்ட உட்கருக்களும் ஒரே திசையில் ஓடும். வேறுபாடு உட்கருவின் இடத்தில் இருக்கிறது: மென்தசையில் உட்கரு இளஞ்சிவப்புச் சைட்டோபிளாசத்துக்கு உள்ளே இருக்கும், தசைநாணில் அது கொலாஜன் கட்டுகளுக்கு இடையே நசுங்கி, மெலிந்து, கறுத்த கோடாகக் கிடக்கும். உட்கருக்களின் எண்ணிக்கையும் துணைசெய்யும்; ஒரே அளவு பரப்பில் மென்தசையில் அவை மிகுந்தும் தசைநாணில் குறைந்தும் இருக்கும். ஐயம் தீராவிட்டால் மாசன் முச்சாயமேற்றிய சிலைடைக் கேட்டு வாங்குங்கள். அதில் தசை சிவப்பாகவும் கொலாஜன் நீலமாகவோ பச்சையாகவோ தெரியும்.

இரண்டாவது புற நரம்பு. அதன் இழைகள் அலையலையாக வளைந்து ஓடும். இழைகளைச் சூழ்ந்த மயலின் உறையின் கொழுப்பு, பதப்படுத்தும்போது கரைந்துவிடுவதால் நுரைத்தாற்போன்ற வெற்றிடங்கள் தோன்றும். முழுக் கட்டையும் சுற்றித் தெளிவான உறை ஒன்று இருக்கும். உறை தெரிந்துவிட்டால் அதன் பிறகு குழப்பமில்லை.

வெட்டும் கத்தியின் அதிர்வால் உண்டாகும் கோடுகளைக் குறுக்கு வரிகள் என்று எண்ணுவதும் நடப்பதுதான். அத்தகைய கோடுகள் இழையின் திசையைப் பொருட்படுத்தாமல், பக்கத்திலுள்ள கொழுப்பையும் இணைப்புத் திசுவையும் கடந்து, ஒரே திசையில் ஓடும். உண்மையான வரிகள் ஒவ்வோர் இழையின் எல்லைக்குள் அடங்கியிருக்கும். இழை வளைந்தால் வரிகளும் கூடவே திரும்பும்.

எலும்புத் தசையில் மெதுவாகச் சுருங்கும் இழைகள், விரைவாகச் சுருங்கும் இழைகள் என்ற உட்பிரிவுகளும் உண்டு. அவற்றை இந்தச் சிலைடுகளில் தேட வேண்டாம்; உறையவைத்து வெட்டிய திசுவில் நொதிச் செயல்பாட்டைக் காட்டும் சாயங்களோ, எதிர்ப்பொருள் சாயங்களோ அதற்குத் தேவை.

எலும்புத் தசையின் குறுக்குவெட்டில் ஆங்காங்கே ஓர் இழையின் நடுவில் உட்கரு தெரிந்தால் உங்கள் முடிவை உடனே மாற்றிக்கொள்ள வேண்டாம். நலமான தசையிலும் மிகச் சில இழைகளில் அப்படி இருக்கும். பல இழைகளில் நடு உட்கரு இருந்தால், சேதத்துக்குப் பின் தசை புதுப்பிக்கப்பட்டிருக்கலாம், அல்லது தசை நோய் இருக்கலாம். அது நோய்க்குறியியல் வல்லுநர் பார்க்க வேண்டிய சிலைடு.

பயிற்சிக்கு

பெயரொட்டியை மறைத்துவிட்டு மூன்று சிலைடுகளில் பழகலாம். நாவின் வெட்டில் எலும்புத் தசைக் கட்டுகள் மூன்று திசைகளில் பின்னிச் செல்வதால் நீள்வெட்டும் குறுக்குவெட்டும் சாய்வெட்டும் அருகருகே கிடைக்கும். முதல் பயிற்சிக்கு இதுவே ஏற்றது. அடுத்து உணவுக்குழலின் நடுப்பகுதி: மேலே எலும்புத் தசையாகவும் கீழே மென்தசையாகவும் உள்ள சுவர் இங்கே இரண்டும் கலந்ததாக இருக்கும். பருத்த, விளிம்பு உட்கரு கொண்ட இழைகளையும், அவற்றின் பக்கத்திலேயே உள்ள மெல்லிய, நடு உட்கரு கொண்ட செல்களையும் ஒரே லென்ஸில் ஒப்பிடும் வாய்ப்பு வேறு எங்கும் இவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை.

கடினமானது மேல் இமையின் செங்குத்து வெட்டு. தோலுக்கு அடியில் கண்ணை மூடும் வட்டத் தசை உள்ளது. அது எலும்புத் தசை, ஆனால் இமையின் அகலவாட்டில் ஓடுவதால் இந்த வெட்டில் குறுக்காகவே தெரியும், வரிகள் தெரியாது. இன்னும் உள்ளே, இமையை உயர்த்தத் துணைபுரியும் மெல்லிய மென்தசை மேலிருந்து கீழாக ஓடுவதால் நீளவாட்டில் தெரியும். வரிகளை நம்பிப் பார்ப்பவர் இரண்டையும் மென்தசை என்றே எழுதுவார். இழையின் பருமனைப் பக்கத்துச் சிவப்பணுவோடு ஒப்பிட்டு, உட்கரு விளிம்பில் இருக்கிறதா நடுவில் இருக்கிறதா என்று இரண்டிலும் தனித்தனியே பார்த்துப் படம் வரையுங்கள். வரைந்த பிறகு பெயரொட்டியைத் திறந்து சரிபார்க்கலாம்.